இடக்கைக் கத்தரியா? பிடியைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு இடதுகைப் பழக்கம். தையல் கற்கிறாள். கத்தரி துணியை வெட்டாமல் மடித்துக்கொள்கிறது. கையை மாற்றிப் பழக்கலாமா? 'இரு கைக்கும் ஏற்றது' என்று விற்கும் கத்தரி சரிவருமா? (கீழக்கரை வாசகி)

பதில்: கையை மாற்றாதீர்கள். குறை கத்தரியில்தான். விரல்களை மூடும்போது கட்டைவிரல் வெளிப்பக்கம் தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். வலக்கையில் இந்த அழுத்தம் இரண்டு அலகுகளையும் நெருக்கும். அதே கத்தரி இடக்கைக்குப் போனால் அலகுகள் விலகி, இடையில் துணி மடிந்துபோகும். திருகை இறுக்கினாலும் முழுதாகத் தீராது. மேல் அலகு வலப்பக்கம் இருப்பதால் வெட்டும் கோடும் மறைந்துபோகும்.

'இரு கைக்கும்' என்பவற்றில் பெரும்பாலும் பிடி மட்டுமே மாறியிருக்கும், அலகு பழையபடிதான். பணம் கொடுக்குமுன் வெட்டும் நிலையில், கட்டைவிரல் மேலே, நுனி முன்னே இருக்கப் பிடித்துச் சற்றுத் திறந்து பாருங்கள். மேல் அலகு கீழ் அலகுக்கு இடப்பக்கம் இருந்தால் அசல் இடக்கைக் கத்தரி. வலப்பக்கம் என்றால் வேண்டாம். கடையிலேயே மெல்லிய துணியில் நுனிவரை வெட்டிப் பாருங்கள். இத்தனை நாள் கட்டைவிரலை உள்ளே அழுத்தி வெட்டிய கைக்கு, புதுக் கத்தரி முதலில் வெட்டாததுபோல் தோன்றும். சில நாள் பொறுங்கள்.

இணையத்தில் 'இடக்கை' என்று வாங்கி வேறு வந்தால், பெட்டி, பில், அலகு தெரியும் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு திருப்பிக் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: இடக்கையால் தூண்டில் வீசுகிறேன். இடக்கை ரீல் வாங்க வேண்டுமா? (மண்டபம் வாசகர்)

பதில்: பலர் தவறுவது இங்கேதான். இடக்கையில் தண்டைப் பிடித்தால் சுற்றுவது வலக்கை. பெய்ட்காஸ்டரில் (தண்டின் மேலே அமர்ந்து நரம்பைச் சுற்றும் ரீல்) கைப்பிடியைப் பக்கம் மாற்ற முடியாது; 'லெஃப்ட் ஹேண்ட்' என்று எழுதியிருப்பது சுற்றும் கையைக் குறிக்கும். ஆகவே கைப்பிடி வலப்பக்கம் உள்ள சாதாரண ரீலே உங்களுக்குப் பொருந்தும். ஸ்பின்னிங் ரீல் (தண்டின் அடியில் தொங்குவது) என்றால் பெரும்பாலானவற்றில் எதிர்ப்பக்க மூடியைக் கழற்றிக் கைப்பிடியை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: இடக்கைக்காரன் சுற்றிவைத்த கயிறு மட்டும் முறுக்கிக்கொள்கிறதே? (பாம்பன் வாசகர்)

பதில்: கை நேரடிக் காரணமல்ல, சுற்றும் திசைதான் காரணம். முப்புரிக் கயிற்றை நிமிர்த்திப் பிடியுங்கள். புரிகள் வலப்பக்கமாக மேலேறினால் எந்தக் கையானாலும் வலஞ்சுழியாகவே சுற்ற வேண்டும். இடக்கைக்குத் தானாக வருவது இடஞ்சுழி. அதில்தான் கயிறு கண்ணி விழுகிறது. இதற்காகப் புதுக் கயிறு வாங்க வேண்டாம். வலை ஊசியும் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் அதற்கும் தனிச் செலவில்லை.