நூறு நொடிகள், இறங்கிக்கொண்டே இருந்த வேகம்: ஆம்ஸ்டர்டாம் விமான விபத்து பற்றிய கேள்வி பதில்

2009 பிப்ரவரி 25, காலை 10.26. இஸ்தான்புல்லிலிருந்து வந்த துருக்கிய ஏர்லைன்ஸின் 1951 எண் விமானம் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்க வேண்டும். ஓடுபாதைக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போதே உழுத வயலில் விழுந்து மூன்று துண்டாக உடைந்தது. உள்ளே இருந்த 135 பேரில் 9 பேர் இறந்தார்கள். விமானத்தின் மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இந்த விபத்தின் விசாரணை அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சார், எனக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. நடந்தது என்ன என்று புரியும்படி சொல்லுங்களேன்.

சொல்கிறேன் அம்மா. விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ரேடியோ ஆல்டிமீட்டர் என்ற கருவி இருக்கும். கீழ்நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து, தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும். இந்த போயிங் 737-800இல் அப்படி இரண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அன்று வலது கருவி சரியாக வேலை செய்தது. இடது கருவியோ, விமானம் சுமார் 1,950 அடி உயரத்தில் இருக்கும்போது 'மைனஸ் 8 அடி' என்று காட்டியது. அதாவது தரையைத் தொட்டாயிற்று என்று.

எஞ்சின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் அதை நம்பிவிட்டது. தரை வந்துவிட்டால் அது செய்ய வேண்டியது விசையை முழுவதும் குறைப்பது. அதைத்தான் செய்தது, நடுவானில்.

இன்னொரு பக்கம், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் (இடது, வலது இரண்டில் அன்று ஓடியது வலது) வலது கருவியைக் கேட்டுக்கொண்டிருந்தது. இறங்கு பாதையை விடக் கூடாது என்று மூக்கை மெல்ல மெல்லத் தூக்கியது. விசை இல்லாமல் மூக்கை மட்டும் தூக்கினால் வேகம் போய்விடும். 144 நாட் (மணிக்குச் சுமார் 267 கிலோமீட்டர்) இருக்க வேண்டிய வேகம், விசை குறைந்திருந்த சுமார் 100 நொடிகளில் அதைவிட வெகுவாக விழுந்தது. அந்த வேகத்தில் இறக்கைகளால் விமானத்தைத் தாங்க முடியாது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். இரண்டு கருவி இருக்கிறதே, இரண்டும் வேறு வேறு எண் சொன்னால் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காதா?

நல்ல கேள்வி தம்பி. அன்று அந்த விமானத்தில் கண்டுபிடிக்கவில்லை. ஆட்டோத்ராட்டில் இடது கருவியையே எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. இடது கருவி 'நான் பழுது' என்று தானே அறிவித்தால் மட்டும் வலதுக்கு மாறும். அன்று அது அறிவிக்கவில்லை. தவறான எண்ணைச் சரியான எண் போலவே அனுப்பியது. செத்துப்போன கருவியைப் பராமரிப்பு ஆள் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். உயிரோடு இருந்து பொய் சொல்லும் கருவிதான் எங்களுக்கு எப்போதும் பயம்.

அந்த ஆல்டிமீட்டர் ஏன் கெட்டது?

உறுதியான காரணம் அகப்படவில்லை. ஆனால் அதே விமானத்தில் அதற்கு முந்தைய எட்டு தரையிறக்கங்களில் இரண்டு முறை இதே கோளாறு வந்திருந்தது. அப்போதெல்லாம் விமானிகள் சமாளித்து இறங்கிவிட்டார்கள். போயிங்குக்கும் 2004 முதலே இத்தகைய புகார்கள் தெரியும். பாதுகாப்புக்கு ஆபத்து இல்லை என்றே முடிவு செய்திருந்தார்கள்.

காக்பிட்டில் மூன்று விமானிகள் இருந்தார்களாமே. ஒருவர் கூடவா வேகத்தைப் பார்க்கவில்லை?

எனக்கும் முதலில் அந்த ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் அறிக்கையை நிதானமாகப் படித்தேன்.

கேப்டன் பயிற்றுநர். துணை விமானி பயிற்சியில் இருப்பவர். பின்னால் கூடுதல் பாதுகாப்புக்காக மூன்றாவது விமானி. கேப்டன் ஒரே நேரத்தில் கவனிக்கவும் கற்றுக்கொடுக்கவும் வேண்டிய நிலை. கட்டுப்பாட்டு நிலையம் இவர்களை ஓடுபாதைக்கு மிக அருகில் திருப்பிவிட்டதால், இறங்கு பாதையை மேலேயிருந்து வந்து பிடிக்க வேண்டியதாயிற்று. மேலேயிருந்து வரும்போது வேகமாக இறங்க வேண்டும், அதனால் விசை குறைவது சாதாரணம். கோளாறால் விசை குறைந்ததும் அதே நேரத்தில்தான். எதிர்பார்த்ததே நடப்பது போலத் தெரியும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? 'ரேடியோ ஆல்டிமீட்டர்' என்று கேப்டன் முன்பே சொன்னதும் பதிவில் இருக்கிறது. அந்தக் கோளாறால் ஆட்டோத்ராட்டில் என்ன செய்யும் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று. தரையிறங்கும் சரிபார்ப்புப் பட்டியலும் தாமதமாகி, 1,000 அடிக்குக் கீழேயும் நடந்துகொண்டிருந்தது.

அதற்காகத் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1,000 அடியில் எல்லாம் ஒழுங்காக இல்லை என்றால் இறங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும் என்பது விதி. அவர்கள் ஏறவில்லை.

கறுப்புப் பெட்டி நிஜமாகவே கறுப்பா?

ஆரஞ்சு நிறம். இடிபாடுகளில் சட்டென்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காக.

விபத்து நெதர்லாந்தில், விமானம் துருக்கியுடையது, செய்தது அமெரிக்கா. யார் விசாரிப்பது?

எந்த நாட்டு மண்ணில் விழுந்ததோ அந்த நாடு. இங்கே நெதர்லாந்து பாதுகாப்பு வாரியம். விமானம் பதிவான நாடும் தயாரித்த நாடும் பிரதிநிதிகளை அனுப்பும். சர்வதேச ஒப்பந்தப்படி நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, குற்றவாளியைத் தேடுவது வேறு துறையின் வேலை. விபத்து நடந்து ஒரே வாரத்தில், மார்ச் 4 அன்று, வாரியம் ஆல்டிமீட்டர் பற்றிப் போயிங்கை எச்சரித்தது. முழு அறிக்கை 2010 மே மாதம் வந்தது.

கடைசியில் விமானிகள் தவறு என்றுதானே முடித்தார்கள்? செத்தவர் மேல் பழி போடுவது சுலபம்.

உங்கள் கோபம் நியாயமானது. அறிக்கை கருவியையும் வடிவமைப்பையும் கட்டுப்பாட்டு நிலையத்தையும் சேர்த்தேதான் பேசுகிறது. ஆனால் மக்கள் மனதில் தங்கியது விமானிகள் மட்டும். மனிதத் தவறுகளை ஆராயும் சிட்னி டெக்கரிடம் வாரியம் தனியாக ஓர் ஆய்வு வாங்கியிருந்தது. வலது ஆட்டோபைலட் ஓடும்போதும் ஆட்டோத்ராட்டில் இடது கருவியை மட்டுமே கேட்கும் என்ற விஷயம் விமானிகளின் கையேட்டிலோ பயிற்சியிலோ இல்லை என்று அவர் சொன்னார். அது வெளியானது 2020 ஜனவரியில்தான். அதற்குள் போயிங்கின் 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்து 346 பேர் போய்விட்டார்கள். அங்கேயும் ஒரே ஒரு உணர்கருவியை நம்பிய அமைப்புதான். பத்து வருடத்துக்கு மேல் அந்த ஆய்வு வெளியே வராமல் இருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

1990 பிப்ரவரி 14, பெங்களூரு. இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ320 விமானம். கருவிக் கோளாறு இல்லை, ஆனால் எஞ்சின்கள் குறைந்த விசையிலேயே இருக்கும் இறக்க முறை ஓடிக்கொண்டிருந்தது, வேகம் விழுந்தது, கவனித்தபோது நேரம் போய்விட்டது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் தென் கொரியாவின் ஆசியானா நிறுவன விமானம் மோதியதிலும் ஆட்டோத்ராட்டில் வேகத்தைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இருந்தது.

நான் விமானிப் பயிற்சியில் இருக்கிறேன் அண்ணா. எச்சரிக்கை வந்த பிறகாவது தப்பியிருக்க முடியுமா?

முடிந்திருக்கும் தம்பி. 460 அடியில் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கி எச்சரித்தது. துணை விமானி உடனே மூக்கைத் தாழ்த்தி, விசை நெம்புகோலைப் பாதிவரை தள்ளினார். அந்த நொடியில் கேப்டன் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்தார். துணை விமானி கையை எடுத்தார். ஆட்டோத்ராட்டில் இன்னும் அணைக்கப்படாததால் நெம்புகோலை மறுபடியும் பின்னால் இழுத்துக்கொண்டது. பிறகு அணைத்தார்கள், ஆனால் விசையைக் கூட்டவில்லை. எச்சரிக்கை வந்து ஒன்பது நொடி கழித்துத்தான் முழு விசை கொடுக்கப்பட்டது. அதற்குள் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்துவிட்டன. மீட்க அந்த உயரம் போதவில்லை. முதல் நொடியிலேயே முழு விசை கிடைத்திருந்தால் விமானம் மேலேறியிருக்கும் என்பதே விசாரணையின் கணக்கு. அடுத்த முறை சிமுலேட்டரில் ஏறும்போது உன் ஆசிரியரிடம் இந்த ஒன்பது நொடியைச் செய்து காட்டச் சொல்.