கரையோரத்தில் மட்டும் ஷீட் உதிர்வது ஏன்?

கேள்வி: சாயப்பட்டறைத் தண்ணீருக்காக மண் குளம் வெட்டி நீலநிற ஷீட் விரித்தோம். மூன்றே வருடத்தில் கரையோரம் கையால் தொட்டாலே உதிர்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் பகுதி நன்றாக இருக்கிறது. மறுபடி எதை வாங்குவது?
- வாசகர், பெருந்துறை

பதில்: வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர்தான் காரணம். கரையோரம் நாள் முழுக்கக் காய்கிறது; முங்கியிருக்கும் பகுதிக்குத் தண்ணீரே நிழல். கறுப்பு எச்.டி.பி.ஈ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஷீட் வாங்குங்கள், 1.5 மி.மீ. கனம். கனத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பரிசோதனைச் சான்றிதழில் கார்பன் பிளாக் (புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கரித்தூள்) 2 முதல் 3 சதவீதம், ஓ.ஐ.டி. (சோதனைச் சூட்டில் ஷீட் ஆக்சிஜனைத் தாக்குப்பிடிக்கும் நேரம்) 100 நிமிடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சான்றிதழ் தராதவரிடம் விலை பேசவே வேண்டாம்.

நல்ல ஷீட்டும் விரிக்கும் விதத்தில் கெட்டுப்போகும். கல், வேர் பொறுக்கி, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஜியோடெக்ஸ்டைல் என்னும் தடித்த செயற்கை இழைத் துணி விரித்த பிறகே ஷீட். உச்சிவெயிலில் இழுத்துப் பிடித்து விரித்தால், 30 டிகிரி சூடு இறங்கும்போது 50 மீட்டர் ஷீட் ஓரடி வரை சுருங்கும். சரிவும் தரையும் சேரும் அடிமூலையில் மண்ணை விட்டு எழும்பித் தொட்டில் போலத் தொங்கும். தண்ணீர் நிரம்பியதும் அந்த இடம் வெடிக்கும். ஆகவே கொஞ்சம் தளர விட்டு, கரைமேல் அரை மீட்டர் ஆழக் கால்வாயில் ஓரத்தைப் புதைத்து, விடியற்காலைக் குளிர்ச்சியில் மண் தள்ளுங்கள்.

இணைப்புக்கு 10 செ.மீ. மேற்பொருத்தி, இரட்டைத் தடம் விழும் சூட்டு வெல்டிங். இரு முனையையும் அடைத்து, தடங்களுக்கு நடுவே காற்றை ஏற்றி, 2 பார் (அழுத்த அலகு) அழுத்தத்தில் ஐந்து நிமிடம் விடுங்கள். அழுத்தமானியின் முள் 0.2 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு மறுமுனையை வெட்டுங்கள்: முள் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்தால்தான் காற்று இணைப்பின் முழு நீளத்துக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். பல ஒப்பந்ததாரர்கள் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. நின்று செய்யச் சொல்லுங்கள். ஓட்டையைப் பசையால் அடைக்க முடியாது, இந்த பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிலைக்காது. மேல்பரப்பைத் தேய்த்த கையோடு எக்ஸ்ட்ரூஷன் வெல்டிங்கில் (அதே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி இணைப்பது) ஒட்டுப்போட வேண்டும்.

நனைந்த ஷீட் பயங்கரமாக வழுக்கும், நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாது. நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்க விடுங்கள்.

கேள்வி: குளத்தை மூட மிதக்கும் பந்துகள் போடலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: போடலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நீர்த்தேக்கத்தில் 2015-இல் 9.6 கோடி கறுப்புப் பந்துகள் விட்டார்கள். புரோமைடும் குளோரினும் வெயிலில் சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய புரோமேட் உண்டாவதைத் தடுப்பது முக்கிய நோக்கம். 10 செ.மீ. பந்து சதுர மீட்டருக்குச் சுமார் 115 பிடிக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் அடைத்த பந்தாக வாங்குங்கள், இல்லாவிட்டால் காற்று அள்ளிக்கொண்டு போகும். வழிந்தோடும் வாயில் கம்பிவலை கட்டாயம்.