டி.சி. வாங்கிப் போனவர்கள்

அன்புள்ள ஐயா,

முப்பத்திரண்டு வருடம் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கையில் பிரம்பு இருந்தவரை பையன்கள் அடங்கியிருந்தார்கள். இன்று புத்தகப் பையில் கத்தி இருக்கிறது. அடங்காதவனுக்கு டி.சி. கொடுத்தால் அதையும் குறை சொல்கிறீர்கள். மற்ற நாற்பது பிள்ளைகளை யார் காப்பாற்றுவது?

ஓர் ஆசிரியர், தேனி மாவட்டம்

அன்புள்ள ஐயா,

அந்த நாற்பது பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பிரம்புக்கு அடங்கியவர்கள்தான் உங்கள் கண்ணில் பட்டார்கள். அடங்காதவர்கள் பள்ளியை விட்டே நின்றுவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை.

என்னோடு ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுவான். தினமும் அவனைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். திக்கினால் முட்டி போட வேண்டும். வகுப்பே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். அவன் எதிர்த்துப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் கெட்டுவிடும் என்று அவன் அப்பாவை வரவழைத்து, அவரே கேட்டு வாங்கியதாக எழுதவைத்து, டி.சி. கொடுத்தார்கள். பேருந்து நிலையத்தில் சில அண்ணன்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே யாரும் அவனை வாசிக்கச் சொல்லவில்லை. பதினேழு வயதில் வழிப்பறி வழக்கில் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான்.

ஒருவன் கதை போதாது என்பீர்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து, 2011இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் ஒருமுறையாவது இடைநீக்கமோ வெளியேற்றமோ செய்யப்பட்டவர்கள். சட்டம் கட்டாயப்படுத்திய நடவடிக்கைகள் வெறும் 3 சதவீதம். மீதி எல்லாம் பள்ளிகள் தாமாக எடுத்த முடிவு. அப்படி அனுப்பப்பட்டவர்கள், மற்ற எல்லா வகையிலும் அவர்களைப் போன்றே இருந்த பிள்ளைகளைவிட, அடுத்த ஆண்டுக்குள் சிறார் நீதித்துறையிடம் போய்ச் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. வறுமை, மதிப்பெண் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகு கிடைத்த எண் இது.

நம் கல்வி உரிமைச் சட்டம் (2009), தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதில், மீசை அரும்பும் வயதில், பிள்ளை நம்மிடமிருந்து நழுவும் நேரத்தில், டி.சி. புத்தகம் திறக்கிறது. என் கோபம் அதன் மேல்தான், உங்கள் மேல் அல்ல.

நீங்கள் டி.சி. கொடுத்து அனுப்பிய பையன்களில் யாராவது ஒருவர் இன்று என்ன செய்கிறார் என்று விசாரித்து எழுதுவீர்களா? அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.