அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

அன்புள்ள சார்,

கல்லூரிக் காலத்திலிருந்து எனக்கு ஒரு நண்பன். கருக்கலைப்பு கொலை என்கிறான், அதை ஆதரித்துப் பேசுவதையே தடைசெய்ய வேண்டும் என்கிறான். யாருக்கு ஓட்டுப் போடுவான் என்று நான் சொல்லவே வேண்டாம். (அவன் மனைவிக்கு மூன்று முறை கரு கலைந்துவிட்டது.) அவன் வீட்டிலேயே உட்கார்ந்து எத்தனையோ இரவுகள் பேசிப் பார்த்துவிட்டேன். இப்படிப்பட்ட பிற்போக்குவாதியோடு விவாதிப்பதில் அர்த்தம் உண்டா? விலகிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மூலம் ஆறு பக்கம். அதில் உங்கள் வாதங்களுக்கு ஐந்தரைப் பக்கம், அவருடையதற்கு நான்கு வரி. 'பிற்போக்கு' பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணினேன்.

தேர்தலை விடுங்கள். ஓட்டை வைத்து நண்பர்களைச் சலித்தால் கடைசியில் தூக்கிப்போக நாலு பேர் மிஞ்ச மாட்டார்கள். கருத்துரிமை பற்றிய உங்கள் நீண்ட பத்தியிலும் எனக்கு மறுப்பில்லை.

கருக்கலைப்பில் நானும் உங்கள் கட்சிதான். முடிவு அந்தப் பெண்ணுடையது. ஆனால் "24 வாரம் வரை சரி, மறுநாள் குற்றம் என்றால் ஒரே இரவில் என்ன மாறியது?" என்று அவர் கேட்டதைக் குதர்க்கம் என்று தள்ளியிருக்கிறீர்கள். அது குதர்க்கம் இல்லை ஐயா. கருக்கலைப்புக்கான சட்ட வரம்பில் பிரிட்டன் 1990இல் 28 வாரத்திலிருந்து 24க்கு இறங்கியது. இந்தியா 2021இல், குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு, 20லிருந்து 24க்கு ஏறியது. ஒருவர் இறங்கி வந்தும் மற்றவர் ஏறி வந்தும் நிற்பது ஒரே எண்ணில். கருவே அந்த எண்ணை எழுதிக்கொண்டு வரவில்லை, மனிதர்கள் வாதாடிப் போட்ட கோடு அது. ஏன் அங்கே என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் கடன் நமக்கு இருக்கிறது.

பழைய தருக்க மரபில் பூர்வபட்சம் என்று ஒன்று உண்டு. எதிராளியின் கருத்தை அவனே தலையாட்டும்படி முதலில் சொல்லியாக வேண்டும், மறுப்பு அதற்குப் பிறகுதான். இரண்டு வாரமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்க எழுந்தது சமணர்களின் நீலகேசி. குண்டலகேசி சில பாடல்கள் தவிர அழிந்துவிட்டது. இன்று அதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் நல்ல பங்கு நீலகேசியும் அதன் உரையும் தந்தவை. மறுக்க வந்தவர்களே காப்பாற்றியும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நண்பர் பேசியதெல்லாம் காற்றோடு போய் உங்கள் கடிதம் மட்டும் மிஞ்சினால் அவரைப் பற்றி என்ன கிடைக்கும்? பதினோரு 'பிற்போக்கு'.

எனக்கும் உபதேசிக்கத் தகுதி கிடையாது. பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், ஒரு நூலைத் தடைசெய்யச் சொன்னவரைக் கிண்டலடித்தேன். அரங்கமே சிரித்தது. அவர் கையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தார், அதே மடிப்பில் மறுபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று நான் ஜெயித்ததாகச் சொன்னார்கள். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது அவர் இல்லை.

விலகுவதா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? முதலில் அவர் தரப்பை ஒரு பக்கம் எழுதி அவரிடமே காட்டுங்கள். 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று அவர் சொல்லும்வரை திருத்துங்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

இன்னொன்று, அந்த அடைப்புக்குறி. 'பாவம், அதனால்தான் இப்படிப் பேசுகிறான்' என்று அவர் வாதத்தைத் துக்கத்தில் கரைத்துவிடாதீர்கள். அதுவும் அவமதிப்புதான். ஆனால் கலைந்தது, கலைத்தது இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். நள்ளிரவில் நீங்கள் இருவரும் குரலை உயர்த்தி வாரக்கணக்குப் பேசியபோது அந்தப் பெண் அடுத்த அறையில் விழித்திருந்தாரா? அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.