ஒன்றுவிட்ட அண்ணனின் ஓட்டலுக்கு நம் வீடு அடமானமா?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறோம். என் கணவர் அமெரிக்கர், வயது 31. என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீகில் 2017 முதல் 2021 வரை ஃபுல்பேக்காக (பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடும் ஆட்டக்காரர்) ஆடினார். எல்லா ஆண்டும் குறைந்தபட்சச் சம்பளம்தான். இப்போது பள்ளி அணியின் பயிற்சியாளர். அந்தச் சம்பளம் வீட்டுச் செலவுக்குச் சரியாகப் போகிறது. சேமிப்பு 6.2 லட்சம் டாலர். ஒன்றுவிட்ட அண்ணனின் ஓட்டலுக்காக வீட்டின் மேல் 2.5 லட்சம் கடன் எடுத்துக் கொடுத்தார், வட்டி 8.5%. உறவினர்களுக்கு மாதம் 4,000 வேறு. காப்பீட்டு ஏஜென்ட் ஒருவர் ஐ.யு.எல். பாலிசி (பங்குச் சந்தைக் குறியீட்டை ஒட்டிச் சேமிப்பு வளரும் ஆயுள் காப்பீடு) எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: சகோதரி, பாலிசி இருக்கட்டும். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த வீட்டுக் கடன்.

2017-இல் சான் பிரான்சிஸ்கோ அணி கைல் யூஸ்செக் என்ற ஃபுல்பேக்கை நான்கு ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் பேசி எடுத்தது. உறவினர்கள் மனதில் இருப்பது அந்தத் தொகை. உங்கள் கணவர் தொடங்கியதோ 4.65 லட்சத்தில். ஐந்து ஆண்டும் சேர்த்தால் சுமார் 35 லட்சம். வரியும், ஆட்ட ஒப்பந்தம் பேசிய ஏஜென்டின் கமிஷனும் போக ஏறக்குறைய பாதிதான் கைக்கு வந்திருக்கும். இன்று பல அணிகள் ஃபுல்பேக்கே வைத்துக்கொள்வதில்லை. மறுபடி அழைப்பு வரும் என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

கடன் வட்டி மாதம் சுமார் 1,770. உறவினர் பணத்தோடு 5,770, ஆண்டுக்கு 69,000. சேமிப்பு ஒன்பது ஆண்டில் தீரும், அப்போது அவருக்கு 40. மூன்று சீசனுக்கு மேல் ஆடியதால் லீக் ஓய்வூதியம் உண்டு, ஆனால் அது 55 வயதில். நடுவில் பதினைந்து ஆண்டு!

1996 முதல் 2003 வரை என்.எஃப்.எல். அணிகளுக்குத் தேர்வான ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். ஓய்வுபெற்ற 12 ஆண்டுக்குள் சுமார் 16% பேர் திவால் மனு போட்டிருந்தார்கள். அதிகம் சம்பாதித்தவர்களும் தப்பவில்லை.

அதனால் சேமிப்பிலிருந்து அந்த 2.5 லட்சத்தை உடனே அடைத்துவிடுங்கள். உங்கள் பணம் 8.5% பாதுகாப்பாக எங்கும் சம்பாதிக்காது. அடைத்தால் மட்டும் போதாது, வீட்டின் மேல் மறுபடி மறுபடி எடுக்க முடிகிற அந்தக் கடன் வரம்பையே மூடச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். திறந்து கிடந்தால் ஓட்டலின் அடுத்த வாடகைக்கு அதுதான் போகும். மீதி 3.7 லட்சம். மாமியாருக்கு மட்டும் மாதம் 1,000 கொடுத்தால் ஆண்டுக்கு 12,000, அதாவது சுமார் 3.2%. அந்தச் சேமிப்பு தாங்கும்.

ஐ.யு.எல். வேண்டாம். கட்டணம் அதிகம், ஆரம்ப ஆண்டுகளில் வெளியேறினால் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆயுள் காப்பீடு தரும் சாதாரண டெர்ம் பாலிசி போதும்.

அண்ணனிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், பழி உங்கள் மேல் விழும். உங்கள் கணவரே சொல்லட்டும், இந்த மாதமே.