பையில் இருந்த கத்தியைவிடப் பழைய வழக்கே ஆபத்து

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். 19 வயது மகனை ஞாயிறு இரவு ரயில் நிலையத்தில் பொலிஸார் மறித்துச் சோதித்தார்கள். வேர்ஹவுஸில் பெட்டி பிரிக்கும் மடக்குக் கத்தி பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவன் எடுத்துவைக்க மறந்துவிட்டான். கடையில் வாங்கிய கத்தி. பொத்தானை அழுத்தி மடக்குவது. அலகு மூன்று அங்குலம்கூட இல்லை. கூட வந்த பையன்களை விட்டுவிட்டு இவனை மட்டும் பிடித்தார்கள். 16 வயதில் சின்னதாக ஒரு கத்தி வழக்கு வந்து ரெஃபரல் ஓர்டரோடு முடிந்தது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு விடுவார்களா?

பதில்: விடமாட்டார்கள். கடைசிக்கு முந்திய வரியில் "சின்னதாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்த வழக்கே.

இவனை மட்டும் பிடித்ததில் பாகுபாடு நடந்திருந்தால் முறைப்பாடு கொடுங்கள், ஆனால் தனியாக. சோதனையில் குறை இருந்தாலும் அதற்காகக் கத்தியைச் சாட்சியத்திலிருந்து நீதிமன்றம் விலக்குவது அரிது. கடையில் வாங்கியதும் உதவாது. மூன்று அங்குலக் கணக்கும் உங்களுக்கு இல்லை. 1988 குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு விலக்குக் கொடுப்பது 7.62 செ.மீ.க்கு மேற்படாத, சும்மா மடங்கும் சட்டைப்பைக் கத்திக்கு. விரித்ததும் அலகு பூட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தினால்தான் மடங்கும் என்றால் அது அந்த வகையில் சேராது. ஹாரிஸ், டீகன் என்ற முந்திய வழக்குகளின் தீர்ப்புகளில் இது முடிந்துபோன விஷயம்.

மிஞ்சுவது "நல்ல காரணம்" என்ற எதிர்வாதம். அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மகனுடையது. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ பிடிபட்டிருந்தால் நானே வழக்காடச் சொல்லியிருப்பேன். ஆனால் வேலை முடிந்தது வெள்ளி, பிடிபட்டது ஞாயிறு. கிரெக்சன் வழக்கில் ஆறு நாள் முன்பு வேலைக்குப் பயன்படுத்திய கத்தியை மறந்து வைத்திருந்தவரின் வாதம் எடுபடவில்லை. மறதி மட்டும் நல்ல காரணம் ஆகாது. இரண்டு நாள் ஆறு நாளைவிடக் குறைவுதான்; அதை நம்பி விசாரணைக்குப் போவது பெரிய சூதாட்டம்.

இப்போது பழைய வழக்கு. ரெஃபரல் ஓர்டர் என்பது, இளையவர் ஒருவரைக் குற்றவாளி என்று கண்டு, இளையோர் குழு ஒன்றிடம் அனுப்பி நீதிமன்றம் கொடுக்கும் தண்டனை. அது காலாவதியாகிவிட்டது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வேலை விண்ணப்பத்துக்கு அது சரியாக இருக்கலாம். குற்றவியல் நீதிமன்றத்தில் எடுபடாது. ஏற்கனவே கத்தி வழக்கில் தண்டிக்கப்பட்ட 18 வயதைத் தாண்டியவர் மறுபடி கத்தியோடு பிடிபட்டால், 2020 தண்டனைச் சட்டத்தின் 315ஆம் பிரிவுப்படி குறைந்தபட்சம் ஆறு மாதச் சிறை. இதிலிருந்து விலக்குப் பெற, முன்பெல்லாம் "அநீதியாக இருக்கும்" என்று காட்டினால் போதும். 28 ஜூன் 2022க்குப் பிந்திய குற்றங்களுக்கு "விதிவிலக்கான சூழ்நிலை" வேண்டும். நல்ல பிள்ளை, படிக்கிறான், வருந்துகிறான் என்பவை ஒவ்வொரு குடும்பமும் சொல்பவை, விதிவிலக்கு ஆகா.

ஒப்புக்கொள்வதன் தள்ளுபடியும் இங்கே சுருங்கிவிடும். சாதாரண வழக்கில் முதல் தவணையிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்தக் குறைந்தபட்சத் தண்டனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க முடியாது. ஆறு மாதம் ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், அவ்வளவே.

ஆகவே முதல் தவணைக்கு முன் அந்தப் பழைய வழக்கின் நீதிமன்றத் தாளை எடுங்கள். நீங்கள் ரெஃபரல் ஓர்டர் என்று நினைத்திருந்தது பொலிஸ் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். எச்சரிக்கை தண்டனைத் தீர்ப்பு அல்ல; அப்படியானால் ஆறு மாதக் கட்டாயம் வராது. அப்போதுதான் வேலைக் கத்தி, மறதி என்ற கதைக்கு மதிப்பு வரும்: "நியாயமான காரணத்துக்கு மயிரிழையில் குறைவு" என்ற தகுதிக்குள் வந்தால், தண்டனை வழிகாட்டுதலின் கீழ்த் தட்டில் வைத்துச் சமூக உத்தரவு கேட்கலாம்.

இனி நான் அதிகம் பயப்படுவது. தெரிந்த முதலாளி ஒருவர் "ஞாயிறும் வேலைக்கு வரச் சொன்னேன்" என்று கடிதம் எழுதித் தர முன்வருவார். வாங்காதீர்கள். வேலை அட்டவணை, சம்பளச் சீட்டு, கைபேசிச் செய்தி, நுழைவாயில் கேமரா எல்லாம் இருக்கின்றன. அரச தரப்பு ஒன்றைக் கேட்டாலே கடிதம் உடைந்துவிடும். பிறகு நீதியின் போக்கைத் திரிக்க முயன்றதாக எழுதியவர்மீதும் கொடுத்தவர்மீதும் வழக்கு வரும். அதற்குச் சிறை ஆறு மாதத்தைத் தாண்டலாம். வெள்ளிக்கிழமை வேலை செய்ததற்கான உண்மையான அட்டவணையும், கத்தி அங்கே எதற்கு என்ற முதலாளியின் நேர்மையான இரண்டு வரியும் போதும்.

பொலிஸ் நேர்காணலில் "பாதுகாப்புக்காக வைத்திருந்தேன்" என்று சொல்லியிருக்கிறானா? பயத்தில் பையன்கள் சொல்லும் வார்த்தை அது. உடனடியாகத் தாக்கப்படும் ஆபத்து இல்லாமல் அது நல்ல காரணமாகாது. மறதிக் கதையையும் அதுவே கொன்றுவிடும். சொல்லியிருந்தால் சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லட்டும்.

அவனுக்குப் பிரித்தானியக் குடியுரிமை இல்லையென்றால், ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவு வழக்கறிஞரையும் கேளுங்கள். 12 மாதத்தைத் தொடும் தண்டனை 2007 எல்லைச் சட்டத்தின் நாடுகடத்தலை இழுக்கும். அதற்குக் குறைந்ததும் விசா விண்ணப்பத்தைத் தொடும்.

தாளில் ரெஃபரல் ஓர்டர் என்றே இருந்தால் வழக்காடாதீர்கள். முதல் தவணையில் ஒப்புக்கொண்டு, கத்தி பையில் மடங்கியிருந்தது, யாரையும் மிரட்டவில்லை, வேலைக்கானது என்று, எந்த அடிப்படையில் ஒப்புக்கொள்கிறான் என்பதை எழுத்தில் வைத்து, அதை அரச தரப்பு ஏற்கும்படி செய்யுங்கள். விதிவிலக்கான சூழ்நிலை என்று வாதிடக் கடுமையான நோயோ, அவனை நம்பியே வாழும் ஒருவரோ இருந்தால் மருத்துவ அறிக்கை, பராமரிப்புப் பதிவு எல்லாம் தண்டனை நாளுக்கு முன் கோப்பில் சேர வேண்டும்.