தசைப்பிடிப்பு மாத்திரை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வலை இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ராத்திரிக்கு ஒன்று என டைசானிடின் 2 மி.கி. ஐந்து நாளைக்கு டாக்டர் எழுதினார். போட்டுக்கொண்டு கடலுக்குப் போகலாமா? வலி விடாவிட்டால் மெடிக்கலில் அதையே வாங்கலாமா?"

இரண்டும் வேண்டாம், அம்மா.

இந்த மாத்திரை இடுப்பில் மட்டும் வேலை செய்வதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளை மட்டுப்படுத்தித்தான் தசையைத் தளர்த்துகிறது. அதனால் தூக்கம் வரும், வாய் வறளும், இரத்த அழுத்தம் இறங்கும். போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் இதெல்லாம் உச்சத்தில் இருக்கும். வீட்டில் படுத்திருப்பவருக்குப் பரவாயில்லை. காலையில் கிளம்பும் விசைப்படகு மறுநாள்தான் கரைக்கு வருகிறது. ராத்திரி மாத்திரை நேரத்தில் அங்கே வலை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். குனிந்து மீன் பிரிப்பவர் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். பக்கத்தில் வலையை இழுக்கும் வின்ச் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும். மாத்திரையை விட்டுவிட்டுப் போகிறேன் என்பார். பிடித்த இடுப்போடு மறுபடி வலை இழுத்தால் வைத்தியம் பார்த்ததே வீண். முன்பணம் கொடுத்த படகுக்காரர் முணுமுணுப்பார்தான், முணுமுணுக்கட்டும்.

"என்ன தொழில்?" என்று சீட்டு எழுதும்போதே கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று ஓடும் ஓ.பி.யில் அதை யார் கேட்கிறார்கள்?

மது ஒரு சொட்டும் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலோ ஈரல் கோளாறு இருந்தாலோ டாக்டரிடம் இப்போதாவது சொல்லுங்கள். ராத்திரி ஒன்றுக்குப் போக எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

இனி மெடிக்கல் விஷயம். சீட்டில்லாமல் போய் "இடுப்பு வலி" என்றால் போதும், காகிதப் பொட்டலத்தில் 'செட் மாத்திரை' வந்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டிய துண்டு அட்டையில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. உள்ளே ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, பல நேரம் ஒரு ஸ்டீராய்டு. மறுநாளே வலி பறந்துவிட்டது, கைராசிக்காரர் என்பார்கள். அது ஸ்டீராய்டின் ராசி. சர்க்கரை ஏறுவதும் வயிறு புண்ணாவதும் பிறகுதான் தெரியும். அந்த வலி மாத்திரையிலேயே தசைத்தளர்வு மருந்து கலந்திருந்தால், ஏற்கெனவே போடுவதோடு இரட்டை டோஸ் ஆகிவிடும். வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு என்றால் இதே கடைகள் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்து நீட்டும். டைசானிடினோடு அது சேரவே கூடாது. சேர்ந்தால் இரத்தத்தில் டைசானிடின் அளவு பத்து மடங்குகூட ஏறும். ஆள் மயங்கி விழுவார். வேறு எதற்கு மருந்து வாங்கினாலும் டைசானிடின் அட்டையைக் காட்டியே வாங்குங்கள்.

ஐந்து நாளோடு நிறுத்தச் சொல்வது உங்கள் வீட்டுக்காரருக்கு. பக்கவாதம் வந்து கை கால் விறைத்தவர்களுக்கும், தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கும் டைசானிடினோ, பேக்லோஃபென் என்ற இன்னொரு தசைத்தளர்வு மருந்தோ மாதக்கணக்கில் கொடுப்பார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், அவர்கள் நிறுத்தக் கூடாது. மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் விடுவதும் நிறுத்துவதுதான். டைசானிடினைத் திடீரென்று விட்டால் பிரஷர் எகிறும். பேக்லோஃபெனை விட்டால் வலிப்பே வரலாம். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

ஐந்து நாளில் வலி விடாவிட்டால் எழுதிய டாக்டரிடமே போங்கள். கால் மரத்தாலோ, நடக்கையில் பாதம் தொய்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தன்னை அறியாமல் சிறுநீர் போனாலோ ஐந்து நாள் காத்திருக்காமல் அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.